துப்பாக்கிப் பட்டறையில் ஒரு ராஜா
பிரான்சு மன்னர் 13-வது லூயியின் வாழ்க்கை

ராஜா வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை இருக்க முடியும்? ஏவல் செய்ய ஆட்கள் உண்டு. கேட்ட பண்டம் கேட்ட நேரத்தில் வரும். நினைத்ததை வாய்விட்டுச் சொன்னால் போதும்.

ஆனால் பிரான்சு தேசத்து இளவரசன் லூயிக்கு, நினைத்ததை வாய்விட்டுச் சொல்வதுதான் பெரும் பாடாக இருந்தது. அவனுக்குப் பேச்சுத் திக்கும். மனதில் இருப்பது நாவில் வராது. வரும்போது கோபமாக வெடிக்கும்.

வாய் செய்யாத வேலையை அவன் கைகள் செய்தன. துப்பாக்கியைத் துண்டு துண்டாகப் பிரிப்பான். துடைப்பான். மறுபடியும் பூட்டுவான். அந்தக் கைவேலை ஆசை அவன் சாகும்வரை போகவில்லை. அவன் அரண்மனையை அண்டி வாழ்ந்த கைவினைஞர் ஒருவர் செய்த சின்னஞ்சிறு விசை, அதன் பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல் உலகத்துப் படைகளை ஆட்டிவைத்தது.

அந்த ராஜாவின் கதை இது.

வைத்தியரின் நாட்குறிப்பு

1601-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, போன்டென்புளோ அரண்மனையில் லூயி பிறந்தான். தந்தை 4-வது ஹென்றி. பிரெஞ்சு மக்கள் நெஞ்சார நேசித்த மன்னர். தாய் மேரி டி மெடிசி. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தை ஆண்ட பெருஞ்செல்வக் குடும்பத்துப் பெண்.

குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தது. பால் குடிக்கச் சிரமப்பட்டது. வைத்தியர்கள் அந்த நாரை வெட்டிவிட்டார்கள். அப்படியும் பின்னால் பேச்சுத் திக்கியது.

இவ்வளவு சின்ன விஷயம்கூட 400 ஆண்டுகளுக்குப் பிறகு எப்படித் தெரிகிறது? அதற்குக் காரணம் எரோவார் என்ற அரண்மனை வைத்தியர். இளவரசன் பிறந்த நாளிலிருந்தே அவர் நாட்குறிப்பு எழுதினார். குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது, என்ன தின்றது, எதை வைத்து விளையாடியது, எதற்கு அழுதது என்று ஒன்று விடாமல் எழுதினார். ஓராண்டு, ஈராண்டு அல்ல. 26 ஆண்டுகள் எழுதினார்! உலகத்தில் வேறு எந்த ராஜாவின் பிள்ளைப் பருவமும் இவ்வளவு விவரமாக எழுதப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

இளவரசன் பெற்றோருடன் வளரவில்லை. பாரிஸ் நகருக்கு வெளியே சென் ஜெர்மேன் அரண்மனையில் வளர்ந்தான். மன்னருக்குக் காதலிகள் பலர் இருந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். தான் பட்டத்து இளவரசன், அவர்கள் அப்படி அல்ல என்பதைச் சிறு வயதிலேயே லூயி தெரிந்துகொண்டான். அவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

பிள்ளை பிடிவாதக்காரன். பிடிவாதம் பிடித்தால் சவுக்கடி கிடைக்கும். அடிக்கச் சொன்னவர் வேறு யாரும் அல்ல, தந்தைதான். பிடிவாதம் செய்யும்போதெல்லாம் தயங்காமல் அடிக்க வேண்டும் என்று, வளர்த்த சீமாட்டிக்கு 1607-ம் ஆண்டில் கடிதமே எழுதினார். தாம் சிறுவனாக இருந்தபோது வாங்கிய அடிதான் தமக்கு நன்மை செய்தது என்பது அவர் எண்ணம்.

குட்டித் துப்பாக்கி

அந்த வீட்டில் விளையாட்டுச் சாமான்களுக்குப் பஞ்சம் இல்லை. முரசு இருந்தது. சிப்பாய்ப் பொம்மைகள் இருந்தன. ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்துக் கைவினைஞர்கள் மரத்தில் செதுக்கிய சின்னச் சின்னச் சாமான்கள் இருந்தன.

ஆனால் இளவரசனின் மனம் நாடியது துப்பாக்கியை. அவன் தோளுக்கும் கைக்கும் ஏற்ற சிறிய துப்பாக்கிகள் அவனுக்குக் கிடைத்தன. அவை மரப் பொம்மைகள் அல்ல. மருந்து போட்டுக் கிட்டித்தால் உண்மையாகவே வெடிக்கும்.

சிறியதுதானே, செய்வது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க, அதைச் செய்யும் கொல்லனின் பாடு பெருகும்.

ஒரு துப்பாக்கியின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தால், அதன் எடை பாதியாகக் குறையாது. எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தீப்பொறி எழுப்பும் விசைக்குள் இருக்கும் துண்டுகளோ நெல்மணி அளவுக்கு வந்துவிடும். அவற்றை அரத்தால் ராவும்போது ஒரு இழுப்பு அதிகமானால் துண்டு வீண்.

வில் விஷயம் இன்னும் மோசம். வில் கொஞ்சம் கடினமாக இருந்தால், பிள்ளையின் விரலுக்கு அது மசியாது. சின்னக் கல்லையும் உடைத்துவிடும். கொஞ்சம் இளகியிருந்தால் பொறி பறக்காது. துப்பாக்கி சிறுத்ததற்காக வெடிமருந்தின் குருணை தானாகச் சிறுத்துவிடாது. அது போக வேண்டிய துளையோ ஊசிமுனையாக இருக்கும், எளிதில் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, பார்வைக்கு அழகான சிறு துப்பாக்கி செய்பவர் பலர் இருப்பார்கள். வெடிக்கிற சிறு துப்பாக்கி செய்பவன் கைதேர்ந்தவன். இன்றைக்கும் உள்ளங்கையில் அடங்கும் துப்பாக்கிகளைச் செய்து வெடித்துக் காட்டும் கைவினைஞர்களை, மற்ற கொல்லர்கள் மதிப்பது இதனால்தான்.

இளவரசனுக்கு வெடிப்பதில் மட்டும் ஆசை இல்லை. எப்படி வெடிக்கிறது என்று பார்ப்பதில் அதைவிட ஆசை. அந்த ஆசைதான் அவனை மற்ற ராஜகுமாரர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

எட்டு வயதில் மகுடம்

1609-ம் ஆண்டில் இளவரசன் பாரிசில் உள்ள லூவர் அரண்மனைக்கு வந்தான். இனிப் பெண்கள் வளர்ப்பு இல்லை. குதிரையேற்றம், வேட்டை, துப்பாக்கி சுடுதல் எல்லாம் கற்பிக்க ஆண்கள் வந்தார்கள். தந்தையின் அருகில் இருக்கும் காலம் இப்போதுதான் வந்தது.

அது நெடுநாள் நீடிக்கவில்லை.

1610-ம் ஆண்டு மே 14-ந் தேதி. ஹென்றி மன்னர் வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பாரிசின் குறுகிய தெரு ஒன்றில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. மன்னரின் வண்டியும் நின்றது. ராவயாக் என்ற மதவெறியன் பாய்ந்து ஏறி மன்னரைக் கத்தியால் குத்தினான். மன்னர் பிணமாக அரண்மனைக்குத் திரும்பினார்.

அன்று முதல் லூயி ராஜா. அவனுக்கு வயது எட்டு.

அக்டோபரில் ரேம்ஸ் நகரத்தில் பட்டாபிஷேகம் நடந்தது. பிள்ளை பெயருக்கு ராஜா. ஆட்சி தாயின் கையில். ராஜாவான பிறகும் அவனுக்குச் சவுக்கடி நிற்கவில்லை! காலையில் அடி வாங்குவான். பிறகு அதே தாய் சபையில் அவனுக்குத் தலை வணங்குவாள். வணக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, அடி குறைந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றாமல் இருந்திருக்குமா?

தாயின் மனம் மகனிடம் இல்லை. அவளோடு இத்தாலியிலிருந்து வந்த லியோனோரா என்ற தோழியிடம் இருந்தது. தோழியின் கணவன் கொன்சினி. எந்தப் போரிலும் பெயர் எடுக்காத அவனுக்குத் தளபதிப் பட்டம் கிடைத்தது. பணம் குவிந்தது. மந்திரிகளை வைப்பதும் நீக்குவதும் அவன் இஷ்டம் ஆயிற்று.

ராஜாவுக்கு என்ன கிடைத்தது? வேட்டை நாய்களும், பருந்துகளும், துப்பாக்கிகளும் கிடைத்தன. ராஜ்ய விஷயம் பக்கம் வராமல் விளையாடிக்கொண்டிருந்தால் போதும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

அவன் துப்பாக்கிகளைச் சேர்த்தான். நல்ல துப்பாக்கி எங்கே இருந்தாலும் அவன் பார்வைக்கு வந்தது. தனி அறையில் அவற்றை வரிசையாக வைத்தான். அந்த அறையில் அவனுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. திக்குகிறதே என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

லிசியூ ஊர்க் கைவினைஞர்

நார்மண்டிப் பகுதியில் லிசியூ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் மாரன் லெ பூர்ஷ்வா. இவர் ஒரு வேலை தெரிந்தவர் அல்ல. படம் வரைவார். சிலை செய்வார். பூகோள உருண்டை செய்வார். காற்றை அடைத்துச் சுடும் துப்பாக்கிகூடச் செய்து 4-வது ஹென்றி மன்னருக்குக் காட்டியவர். மன்னர் மகிழ்ந்து, 1608-ம் ஆண்டில் லூவர் அரண்மனையிலேயே அவருக்கு இடம் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் துப்பாக்கி சுடுவது பெரிய தொல்லை. சிப்பாய்களின் துப்பாக்கியில் திரி இருக்கும். அந்தத் திரி எந்நேரமும் கனன்றுகொண்டிருக்க வேண்டும். மழை வந்தால் அணைந்துவிடும். இரவில் எதிரிக்குக் காட்டிக் கொடுக்கும். பக்கத்தில் உள்ள மருந்துப் பையில் பட்டால் சிப்பாயே எரிந்து போவான்.

பணக்காரர்களிடம் வேறு வகைத் துப்பாக்கி இருந்தது. அதில் எஃகுச் சக்கரம் சுழன்று, கல்லில் உராய்ந்து பொறி எழுப்பும். திரி வேண்டாம். ஆனால் அது கடிகாரம் போன்றது. சாவி போட்டு முறுக்க வேண்டும். விலை அதிகம். கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் கிடைக்காது.

கல்லை எஃகில் அடித்துப் பொறி எழுப்பும் வேறு சில விசைகளும் அங்கங்கே இருந்தன. ஆனால் அவற்றில் ஒவ்வொரு குறை இருந்தது.

மாரன் இவற்றில் இருந்த நல்ல அம்சங்களை ஒன்று சேர்த்தார். 1610-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அவர் கையில் புதிய விசை உருவாயிற்று. அது வேலை செய்யும் விதம் இதுதான்:

துப்பாக்கியின் குதிரை, ஒரு சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும். எதிரே ஓர் எஃகுத் தகடு நிற்கும். அந்தத் தகட்டின் அடிப்பாகமே மருந்துக் கிண்ணிக்கு மூடி. விசையை இழுத்தால் குதிரை பாயும். கல் எஃகைச் சுரண்டும். சுரண்டிய வேகத்தில் எஃகு பின்னால் சாயும். மூடி தானாகத் திறக்கும். சுரண்டப்பட்ட எஃகுத் துகள்கள் பொறியாகக் கிண்ணியில் விழும். கிண்ணி மருந்து பற்றி, துளை வழியாகக் குழலுக்குள் நெருப்பு பாயும். குண்டு புறப்படும்.

இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தி வைக்கலாம். அந்த நிலையில் விசையைத் தொட்டாலும் வெடிக்காது. மருந்து போட்ட துப்பாக்கியைக் குதிரை மேலோ தோள் மேலோ பயமின்றிக் கொண்டு போகலாம்.

சக்கர விசையைவிடத் துண்டுகள் குறைவு. மழைக்குத் திரியைவிடத் தேவலை. கிராமத்துக் கொல்லன்கூடக் கற்றுக்கொண்டு செய்யக்கூடியது. இப்படிப்பட்ட விசை உள்ள ஆரம்பத் துப்பாக்கிகளில் சில, சிறுவன் லூயிக்காகவே லிசியூ பட்டறையில் செய்யப்பட்டவை. துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கும் ராஜாவுக்கு இதைவிட நல்ல பரிசு என்ன இருக்கிறது?

பாலத்தில் வெடித்த துப்பாக்கி

1614-ம் ஆண்டில், 13 வயது நிறைந்த ராஜா இனி மேஜர் என்று சபையில் அறிவித்தார்கள். 1615-ம் ஆண்டில் ஸ்பெயின் ராஜகுமாரி ஆன் அவனுக்கு மனைவி ஆனாள். அவளுக்கும் 14 வயதுதான். அவனைவிட ஐந்து நாள் மூத்தவள். கல்யாணம் ஆயிற்று, அதிகாரம் வரவில்லை. ஆலோசனைச் சபையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கொன்சினி ராஜாவை மதிக்காமல் நடந்தான்.

அரண்மனையில் அவனுக்கு ஒரே ஒரு நண்பன் இருந்தான். பெயர் லுயீன். பறவைகளை வேட்டைக்குப் பழக்கும் வேலை அவனுக்கு. ராஜாவுக்கும் அவனுக்கும் வயது வித்தியாசம் 20-க்கு மேல். ஆனாலும் ராஜாவின் திக்கலைப் பொறுமையாகக் கேட்டவன் அவன்தான். இருவரும் சிலரைச் சேர்த்துக்கொண்டு இரகசியமாகத் திட்டம் போட்டார்கள்.

1617-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி காலை, கொன்சினி லூவர் அரண்மனைக்கு வந்தான். வாசல் பாலத்தில் காவல் தலைவன் வித்ரி அவனை மறித்தான். ராஜாவின் பெயரால் கைது என்றான். கொன்சினி திமிறினான். கைத்துப்பாக்கிகள் வெடித்தன. அவன் அங்கேயே செத்து விழுந்தான்.

ராஜா ஜன்னலில் தோன்றினான். முற்றத்தில் நின்றவர்கள் வாழ்த்தி முழங்கினார்கள். அன்று அவனுக்கு வயது 15.

பட்டணத்து ஜனங்கள் கொன்சினியின் பிணத்தைத் தோண்டி எடுத்துத் தெருத் தெருவாக இழுத்தார்கள். அவன் மனைவி லியோனோராவை சூனியக்காரி என்று குற்றம் சாட்டிச் சிரச்சேதம் செய்தார்கள். தாயை மகன் புளுவா கோட்டைக்கு அனுப்பினான். இரண்டு ஆண்டு கழித்து, அவள் இரவோடு இரவாக ஜன்னலில் ஏணி வைத்து இறங்கித் தப்பினாள்.

சிறுவன் ராஜாவாகிவிட்டான். ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை, ஒரு கொலையும் தாயின் பகையும்.

கைத்தொழில் மன்னர்

13-வது லூயிக்கு நீதிமான் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மேனாட்டு ஜோதிடப்படி அவர் துலா ராசி. தராசு ராசிக்காரர் ஆதலால் அந்தப் பெயர் என்று சிலர் சொன்னார்கள். அரண்மனைக் குறும்பர்களோ வேறு பொருள் சொன்னார்கள்: மன்னர் குறி தவறாமல் சுடுவதில்தான் நீதிமானாம்!

மன்னர் நாளெல்லாம் குதிரை மேல் இருப்பார். வேட்டை இல்லாத நேரத்தில் ஏதாவது கைவேலை வேண்டும். அவருக்குத் தெரிந்த தொழில்களைத் தால்மான் என்ற குறிப்பாளர் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். தோலில் சிறு பீரங்கி செய்வார். வலை பின்னுவார். துப்பாக்கி செய்வார். நாணயம் அடிப்பார். பழப்பாகு காய்ச்சுவார். பருவத்துக்கு முன்பே பட்டாணி விளைவித்து விற்கவும் அனுப்புவார். ஒரு நாள் தம் அதிகாரிகளுக்கெல்லாம் தாமே சவரம் செய்து, தாடையில் சிறு குடுமி மட்டும் விட்டுவைத்தாராம்!

இதைக் கேட்டு அரண்மனை சிரித்தது. ராஜா செய்யும் வேலையா இது என்று கேட்டார்கள். சங்கீதத்திலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு. 1635-ம் ஆண்டில் ஒரு நடன நாடகத்துக்குத் தாமே இசை அமைத்தார்.

துப்பாக்கி ஆசையின் விளைவு ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1622-ம் ஆண்டில், தம் காவல் படை ஒன்றுக்கு மஸ்கட் என்ற கனமான துப்பாக்கியை மன்னர் கொடுத்தார். அதனால் அந்த வீரர்களுக்கு மஸ்கட்டியர் என்று பெயர் வந்தது. 1844-ம் ஆண்டில் அலெக்சாந்தர் டூமா எழுதிய மூன்று மஸ்கட்டியர்கள் என்ற நாவல் இந்தப் படையை வைத்துப் பின்னப்பட்ட கதைதான். அதில் வரும் ராஜா இவரேதான்.

பட்டினியில் வீழ்ந்த நகரம்

1624-ம் ஆண்டில் மன்னர் ரிஷெலியூ என்ற மதகுருவை ஆலோசனைச் சபையில் சேர்த்தார். ரிஷெலியூ கூர்மையான புத்தி படைத்தவர். மன்னருக்குத் தம் குறை தெரியும். சபையில் பேசி மனிதர்களை வசப்படுத்த அவரால் ஆகாது. அந்த வேலையை ரிஷெலியூ செய்தார். இருவருக்கும் இடையே அன்பு குறைவு, நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கை 18 ஆண்டு நிலைத்தது.

மேற்குக் கடற்கரையில் லா ரோஷெல் என்ற துறைமுக நகரம் இருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் புராட்டஸ்டண்டு மதத்தினர். இங்கிலாந்தின் உதவியுடன் அவர்கள் மன்னரை எதிர்த்தார்கள். 1627-ம் ஆண்டில் மன்னர் படை நகரத்தை முற்றுகையிட்டது.

கடல் வழியாக உணவு வராமல் தடுக்க, துறைமுக வாயில் சுமார் ஒன்றரைக் கிலோ மீட்டர் நீளத்துக்கு அணை போட்டார்கள். ஆங்கிலக் கப்பல்கள் வந்து பார்த்துத் திரும்பிப் போயின. நகரத்தில் உணவு தீர்ந்தது. குதிரையைத் தின்றார்கள். நாயைத் தின்றார்கள். பிறகு தோலை வேகவைத்துத் தின்றார்கள்.

1628-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி நகரம் பணிந்தது. சுமார் 27 ஆயிரம் பேர் இருந்த ஊரில், எஞ்சியவர்கள் ஏறத்தாழ 5 ஆயிரம் பேர். அவர்களுக்கு மன்னர் உயிர்ப்பிச்சை கொடுத்தார், உணவும் கொடுத்தார். கோட்டைச் சுவர்களை இடித்துத் தள்ளினார். துப்பாக்கியின் நுட்பத்தை விரல் நுனியில் வைத்திருந்த மன்னரின் மிகப் பெரிய வெற்றி, துப்பாக்கியால் வந்தது அல்ல, பட்டினியால் வந்தது.

அந்த முற்றுகைக் காலத்தில் மன்னருக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. பிறந்த நாள் முதல் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த வைத்தியர் எரோவார், 1628 பிப்ரவரியில் லா ரோஷெல் பாசறையில் காலமானார். நாட்குறிப்பும் அத்துடன் நின்றது. சிறுவன் எந்தப் பொம்மையை வைத்து விளையாடினான் என்று நினைவு வைத்திருந்த ஒரே மனிதர் போய்விட்டார்.

தாயும் மகனும்

ரிஷெலியூவை ஒழிக்க வேண்டும் என்று தாய் பிடிவாதம் பிடித்தாள். 1630-ம் ஆண்டு நவம்பரில், மகனை நேரில் பார்த்து அழுதாள், சத்தம் போட்டாள். மன்னர் பதில் பேசாமல் போய்விட்டார். தாய் வென்றுவிட்டாள் என்று அரண்மனை முழுவதும் நம்பியது. மறுநாள் பார்த்தால் ரிஷெலியூவின் பதவி முன்னிலும் உறுதியாக இருந்தது! ஏமாந்தவர்களின் நாள் என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர்.

1631-ம் ஆண்டில் தாய் நாட்டை விட்டே ஓடினாள். ஊர் ஊராக அலைந்து, 1642 ஜூலையில் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் உயிர் விட்டாள். மகன் அவளைக் கடைசிவரை திரும்ப அழைக்கவில்லை.

மனைவியிடமும் அவருக்கு ஒட்டுதல் இல்லை. கல்யாணமாகி 23 ஆண்டு கழித்து, 1638-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதிதான் முதல் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் பின்னால் உலகமே வியந்த 14-வது லூயி.

அடிபட்டு வளர்ந்த பிள்ளை தகப்பனானபோது மென்மையாக இருந்தாரா? அப்படிச் சொல்வதற்கு இல்லை. சிறுவன் தம்மைக் கண்டு பயந்து அழுதான் என்று மன்னர் கோபித்துக்கொண்டது உண்டு. தமக்கு நேர்ந்ததை அவர் மறந்துவிட்டாரா, அல்லது வேறு வழி தெரியவில்லையா?

அதே மே 14

1642 டிசம்பரில் ரிஷெலியூ இறந்தார். மன்னரையும் குடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அவர் படுக்கையில் விழுந்தார்.

1643-ம் ஆண்டு மே 14-ந் தேதி, தாம் வளர்ந்த சென் ஜெர்மேனிலேயே கண்ணை மூடினார். தந்தை கொலையுண்டதும் அதே மே 14-ந் தேதிதான். இடையில் 33 ஆண்டுகள் முழுசாக ஓடியிருந்தன. மன்னருக்கு வயது 41. மகனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. மறுபடியும் ஒரு சிறுவன் ராஜா ஆனான். மறுபடியும் தாய் ஆட்சி நடத்தினாள்.

நின்றது எது?

லிசியூ கைவினைஞர் மாரன், மன்னருக்கு முன்பே 1634-ம் ஆண்டில் இறந்துவிட்டார். அவர் செய்த விசையோ சாகவில்லை.

முதலில் வேட்டைக்காரச் சீமான்கள் அதை வாங்கினார்கள். படைகள் மெதுவாகத்தான் மாறின. 1700-ம் ஆண்டை ஒட்டிப் பிரெஞ்சுப் படை திரித் துப்பாக்கியைக் கைவிட்டது. பிறகு எங்கு பார்த்தாலும் சக்கிமுக்கித் துப்பாக்கிதான். 1746-ம் ஆண்டில் சென்னை அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை ஆர்க்காட்டு நவாபின் பெரும் படையைத் துரத்தியது. அந்தச் சிப்பாய்கள் தோளில் இருந்ததும் இந்த விசைதான். திப்பு சுல்தான் தம் பட்டறைகளில் புலி முகம் பொறித்துச் செய்வித்த துப்பாக்கிகளிலும் இதே விசைதான்.

1807-ம் ஆண்டில், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு போர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் உரிமை பெற்றார். அந்த முறை முதிர்ந்து, 1840-களில் படைகள் சக்கிமுக்கியைக் கைவிட்டன. அதுவரை எத்தனை போர்கள்! எத்தனை உயிர்கள்! நெல்மணி போன்ற துண்டுகளை ராவிப் பொருத்திய கைவினைஞருக்கும், அதைப் பிரித்துப் பார்த்து மகிழ்ந்த சிறுவனுக்கும் இது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

லூயி மன்னரின் துப்பாக்கிகள் ஒவ்வொன்றிலும், அரண்மனைக் கணக்கு எழுதியவர்கள் வரிசை எண் பொறித்தார்கள். பின்னால் அவை பல கை மாறின. சில பாரிசில் இருக்கின்றன. லிசியூ பட்டறையில் செய்த ஒன்று ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய சக்கிமுக்கி விசைகளில் அவை சேரும்.

துப்பாக்கி கெட்டுப்போனால் மன்னர் பொறுமையாகப் பிரிப்பார். எந்தத் துண்டு தேய்ந்தது, எந்த வில் இளகியது என்று தேடிச் சரிசெய்வார். தாயோடும், மனைவியோடும், மகனோடும் அந்தப் பொறுமை அவருக்கு வரவில்லை. யாரும் அவருக்கு அதைக் காட்டி வளர்க்கவும் இல்லை. சவுக்கைக் காட்டித்தான் வளர்த்தார்கள். பட்டறையில் கற்ற பாடம் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.